பட்டியலும் ஒரு பனுவலே: ஆண்மை – பெண்மை அளவைகளும் தமிழ் இலக்கிய ஆய்வும்

ஆய்வுச்சுருக்கம்

ஆண்மை, பெண்மை ஆகியவற்றை அளப்பதற்கு இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க உளவியல் உருவாக்கிய அளவைகள், குறிப்பாகச் சாண்ட்ரா பெம் 1974இல் வெளியிட்ட பண்புப் பட்டியல், தமிழ் இலக்கிய ஆய்வில் பாத்திரங்களை வகைப்படுத்தும் கருவியாக எடுத்தாளப்படுகின்றன. அப்பட்டியல் மனித இயல்பின் பதிவன்று. ஒரு காலத்தில் ஒரு சமூகம் விரும்பியவற்றின் தொகுப்பு. அதனைப் பனுவலாகக் கொண்டு வாசிக்க வேண்டும் என்பதும், சங்கப் பாடல்களின்மீது அப்படியே பொருத்துவது பெண்பாற் புலவர்களின் துணிவையும் அறிவையும் ஆணின் கணக்கில் வரவு வைப்பதாக முடிகிறது என்பதும் இக்கருத்துரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஆண்மை, பெண்மை, பால்பங்கு, பெம் பட்டியல், நாண், மெய்ப்பாட்டியல், பெண்பாற் புலவர்.

முன்னுரை

பாத்திரங்களை உளவியல் நோக்கில் ஆராயும் தமிழ் ஆய்வேடுகளில் ஒரு தொடர் மீண்டும் மீண்டும் தென்படுகிறது. 'இப்பாத்திரத்தில் ஆண்மைக் கூறு மேலோங்கி நிற்கிறது' என்பதே அது. தலைவி துணிந்து பேசினால் ஆண்மைக் கூறு; தலைவன் கலங்கினால் பெண்மைக் கூறு; இரண்டும் கலந்திருந்தால் இருபால் பண்பு. இவ்வாறு பிரித்து, எண்ணி, அட்டவணையிட்டு ஓர் இயல் முடிந்துவிடுகிறது. இவ்வகைப்பாட்டுக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் உளவியல் பாடநூல் ஒன்று சுட்டப்படும். அந்நூல் எந்த ஆய்வைச் சுருக்கித் தந்தது, அவ்வாய்வு எவரிடம் எதைக் கேட்டது, கேட்டவரே பின்னர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால் கூற்று எவருடையது, கேட்போர் எவர், துறை யாது, பாடவேறுபாடு உண்டா என்று துருவும் தமிழாய்வாளர், உளவியல் பட்டியல் ஒன்றைக் கண்டவுடன் அந்தப் பயிற்சியை ஏன் மறந்துவிட வேண்டும்? அறிவியல் என்ற சொல்லின் மீதுள்ள மதிப்பு ஒரு காரணமாகலாம். உளவியலாளர் தம் பட்டியல்களை இந்த அளவுக்கு நம்பியதில்லை என்பதுதான் இதில் வியப்பு.

ஒற்றைக் கோட்டின் வரலாறு

அறிவுத்திறன் சோதனையை அமெரிக்காவில் பரப்பிய ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டெர்மனும் கேத்தரின் காக்ஸ் மைல்ஸும் 1936இல் 'பாலும் ஆளுமையும்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டனர். 450க்கும் மேற்பட்ட வினாக்கள் கொண்ட அவர்களுடைய சோதனை, சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் தோன்றும் சொல், மைக்கறையில் தெரியும் உருவம், பொது அறிவு, அச்சமும் சினமும் எழும் இடங்கள், விருப்புவெறுப்புகள் ஆகியவற்றை வினவியது. ஒரு வினாவுக்கு ஆண்களும் பெண்களும் சராசரியாக வேறுபட்ட விடை அளித்தால் அவ்வினா சோதனையில் இடம்பெற்றது, வேறுபடாவிட்டால் நீக்கப்பட்டது. இருபாலாரும் ஒத்திருக்கும் இடங்களை எல்லாம் முதலிலேயே களைந்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு இருபாலாரும் வேறுபட்டவர் என்று காட்டுவது அரிய செயலன்று. சோதனை எழுதுவோர் நோக்கத்தை உணர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் மேலட்டையில் மனப்பான்மை, ஆர்வம் ஆகியவற்றைப் பகுத்தாயும் சோதனை என்றே பெயரிடப்பட்டிருந்தது.

மதிப்பெண் முறை இன்னும் நோக்கத்தக்கது. ஒரு கோட்டின் ஒரு முனையில் ஆண்மை, மறுமுனையில் பெண்மை. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒருவரிடத்தில் ஒருங்கே மிகுந்திருத்தல் இவ்வளவையில் கணக்களவிலேயே இயலாது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்தக் கோடு கேள்விக்கு உட்படவில்லை. ஆன் கான்ஸ்டன்டினோப்பிள் 1973இல் எழுதிய திறனாய்வுக் கட்டுரைதான் அதன் அடித்தளத்தை அசைத்தது. ஆண்மை – பெண்மை என்பது ஒரே பரிமாணம் என்பதற்கும், அவை எதிர்முனைகள் என்பதற்கும் போதிய சான்றில்லை என்று அவர் காட்டினார்.

இவ்வளவைகள் தாளோடு நின்றுவிடவில்லை. இங்கே ப்ரோவர்மனும் அவர் குழுவினரும் 1970இல் வெளியிட்ட ஆய்வில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என 79 பேரிடம் (46 ஆண்கள், 33 பெண்கள்) மனநலம் வாய்ந்த ஒருவரை விவரிக்குமாறு வேண்டினர். ஒரு சாராரிடம் ஆண் என்றும், ஒரு சாராரிடம் பெண் என்றும், ஒரு சாராரிடம் பால் சுட்டாமல் வளர்ந்த மனிதர் என்றும் கேட்கப்பட்டது. மனநலம் வாய்ந்த மனிதரின் விவரிப்பும் ஆணின் விவரிப்பும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தன. பெண்ணின் விவரிப்பு விலகி நின்றது. நல்ல பெண்ணாக இருப்பவள் நலமுள்ள மனிதராக இயலாது, நலமுள்ள மனிதராக இருப்பவள் நல்ல பெண்ணாக இயலாது என்னும் இக்கட்டில் நோயாளிப் பெண்ணை நிறுத்தியவர்கள் சிகிச்சை அளிப்போரே. விவரித்தவருள் பெண்களும் இருந்தனர் என்பது மறக்கத்தக்கதன்று.

பெம் பட்டியல் உருவான விதம்

சாண்ட்ரா பெம் (1944–2014) இந்தக் கோட்டை உடைக்க வந்தவர். அவரும் கணவர் டாரில் பெம்மும் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சொல்லின் ஆற்றலை நேராகக் காட்டுகிறது. தொலைபேசி நிறுவனத்தின் வேலை விளம்பரங்களை உயர்நிலைப்பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களிடம் மூவகையாக அளித்தனர். கம்பத்தில் ஏறிப் பணிபுரியும் வேலைக்கான விளம்பரம் வழக்கம்போல் ஆண்பாற் சொற்களில் இருந்தபோது 5 விழுக்காட்டுப் பெண்களே அதில் விருப்பம் தெரிவித்தனர். பால் சுட்டாத சொற்களில் எழுதியபோது 25 விழுக்காடு. பெண்களை நோக்கியே எழுதியபோது 45 விழுக்காடு. வேலை மாறவில்லை, பெண்கள் மாறவில்லை, சொல் மட்டுமே மாறியது. அமெரிக்க அரசின் வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையம் அந்நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் பெம் இணையர் சான்றுரைத்தனர்.

அடுத்த ஆண்டு, அதாவது 1974இல், பெம் தம் பட்டியலை வெளியிட்டார். அறுபது பண்புகள், இருபது ஆண்மைக்கு, இருபது பெண்மைக்கு, இருபது பொது. ஒவ்வொரு பண்பும் தமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை 1 முதல் 7 வரையிலான எண்ணால் குறிக்க வேண்டும். ஆண்மைக்கும் பெண்மைக்கும் தனித்தனி மதிப்பெண் என்பதால் இரண்டிலும் ஒருவர் உயர்ந்திருக்கலாம். ஒற்றைக் கோடு ஒழிந்தது. இதுதான் பெம்மின் சாதனை. அதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

ஆயின் அந்த இருபதும் இருபதும் எங்கிருந்து வந்தன? பெம்மும் அவருடைய மாணவர் சிலரும் ஆண்மைச் சாயலோ பெண்மைச் சாயலோ உடையனவாகத் தோன்றிய, நல்லனவாகக் கருதத்தக்க 200 பண்புகளைத் தொகுத்தனர். பொதுப் பண்புகளாக மேலும் 200. இவற்றை மதிப்பிட்டவர்கள் 1972ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் பயின்ற 100 இளங்கலை மாணவர்கள். பாதிப் பேர் ஆண்கள், பாதிப் பேர் பெண்கள். அவர்களிடம் கேட்கப்பட்ட வினா, ஆண்கள் இத்தகையவரா, பெண்கள் இத்தகையவரா என்பதன்று. அமெரிக்கச் சமூகத்தில் ஓர் ஆணுக்கு, அல்லது ஒரு பெண்ணுக்கு, இப்பண்பு எவ்வளவு விரும்பத்தக்கது என்பதே வினா. இந்த வினாவின் வடிவத்தில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. பட்டியல் தருவது இயல்பை அன்று, எதிர்பார்ப்பை. தமிழ் மரபுச் சொல்லால் கூறுவதாயின், இது உள்ளதன் விளக்கமாகாமல் விதியாகிறது.

அவ்விதி எத்தகையது என்பதைப் பட்டியலைப் படித்தாலே அறியலாம். தன் கொள்கைக்காக வாதாடுதல், தற்சார்பு, பகுத்தாயும் திறம், எளிதில் முடிவெடுத்தல், தலைமை, இடர் ஏற்கும் துணிவு, போட்டியுணர்வு ஆகியன ஆண்மை நிரலில் உள்ளன. பரிவு, கனிவு, மென்குரல், குழந்தைகளை நேசித்தல், பிறர் தேவையை உணர்தல் ஆகியன பெண்மை நிரலில் உள்ளன. அதே நிரலில் விட்டுக்கொடுத்தல், கூச்சம், முகத்துதிக்கு மயங்குதல், எளிதில் ஏமாறுதல், குழந்தைத்தனம் ஆகியனவும் உள்ளன. நல்ல பண்புகளையே தொகுக்கப் புகுந்த பட்டியலில் ஏமாறுதல் எப்படி நுழைந்தது? பெண்ணுக்கு அது விரும்பத்தக்கது என்று 1972இன் மாணவர்கள் மதிப்பிட்டனர் என்பதைத் தவிர வேறு விடையில்லை. முப்பது சொற்களாகச் சுருக்கப்பட்ட பிற்காலப் பட்டியலில் கூச்சம், ஏமாறுதல், குழந்தைத்தனம் ஆகிய மூன்றும் இடம்பெறவில்லை. தமிழ் ஆய்வேடுகளில் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அதே 1974இல் ஜேனட் ஸ்பென்ஸ், ராபர்ட் ஹெல்ம்ரிச், ஜாய் ஸ்டாப் ஆகியோர் வேறொரு வினாநிரலை வெளியிட்டனர். ஸ்பென்ஸ் நாளடைவில் ஆண்மை, பெண்மை என்னும் பெயர்களையே கைவிட்டு, செயலூக்கப் பண்புகள், உணர்வு வெளிப்பாட்டுப் பண்புகள் என்று வழங்கத் தலைப்பட்டார். அளக்கப்படுவது அவ்வளவே என்பது அவர் முடிவு. பெம்மின் பட்டியலில் 'ஆண்மையுடைய', 'பெண்மையுடைய' என்ற சொற்களே இரு பண்புகளாக இருந்தன. பட்டியலைக் காரணிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோது இவ்விரு சொற்களும் தம் நிரலிலுள்ள ஏனைய சொற்களோடு சேராமல் தனித்து நின்றன. தம்மை ஆண் என்றும் பெண் என்றும் அறிவது வேறு, துணிவும் பரிவும் வேறு என்று பட்டியலே சான்று பகர்ந்தது.

பெம்மும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1981இல் அவர் வெளியிட்ட பாலினத் திட்டவடிவக் கோட்பாடு வினாவையே திருப்பிப் போட்டது. ஒருவரிடம் எவ்வளவு பெண்மை உள்ளது என்பதை விடுத்து, உலகத்தை ஆண் – பெண் என்று பிரித்துக் காணும் பழக்கம் ஒருவரிடம் எவ்வளவு ஊறியுள்ளது என்று அவர் கேட்டார். இதற்காக அவர் கையாண்ட சோதனை தமிழாய்வாளருக்கு மிகவும் நெருக்கமானது. விலங்குகள், ஆடைகள், வினைச்சொற்கள், ஆட்பெயர்கள் எனக் கலந்த 61 சொற்களைக் காட்டி, நினைவுக்கு வரும் வரிசையில் எழுதச் சொன்னார். சிலர் கொரில்லா, வண்ணத்துப்பூச்சி, எறும்பு என்று விலங்குகளை ஒன்றாக நினைவுகூர்ந்தனர். வேறு சிலர் வண்ணத்துப்பூச்சியையும் நாணிச் சிவத்தலையும் நீச்சலுடையையும் ஒரு கொத்தாகத் தொடுத்தனர். முன்னைய பட்டியலில் மரபான ஆண், மரபான பெண் என்று மதிப்பெண் பெற்றோரிடமே இரண்டாவது போக்கு மிகுந்திருந்தது. 1993இல் வெளிவந்த நூலில் பெம் இன்னும் ஒரு படி சென்று, ஆண்மையும் பெண்மையும் ஒருவரிடத்தில் கலந்திருக்கலாம் என்ற தம் பழைய கருத்தும் அவ்விரண்டையும் மெய்ப்பொருள்களாக ஏற்றுக்கொண்ட குறையுடையது என்றார். இருபால் பண்பு என்னும் தலைப்பில் இன்றும் இயல் எழுதுவோர் இந்த இரண்டாம் பெம்மைப் படித்ததாகத் தெரியவில்லை.

பிற்கால ஆய்வுகளை விரித்துரைக்க இங்கு இடமில்லை. ஜேனட் ஷிப்லி ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை ஒருங்கே நோக்கி, இருபாலாரிடையே அளக்கப்பட்ட உளவியல் வேறுபாடுகளில் 78 விழுக்காடு சிறியன அல்லது சுழியை ஒட்டியன என்று காட்டினார். எறியும் விசை, பாலியல் நடத்தையின் சில கூறுகள் போன்ற சிலவற்றில் பெரிய வேறுபாடு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. ஜீன் ட்வெங்கி 1997இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, 1970களுக்கும் 1990களுக்கும் இடையில் அமெரிக்கப் பெண்கள் ஆண்மை நிரலில் பெற்ற மதிப்பெண் தொடர்ந்து உயர்ந்து, ஆண்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. இருபது ஆண்டுகளில் கருப்பையோ சுரப்பியோ மாறிவிடவில்லை. கல்வியும் பணியும் மாறின.

மொழிபெயர்ப்பில் நேர்வது

இப்பட்டியல் தமிழுக்கு வரும்போது நேரும் சிக்கல் தனியே ஆராயத்தக்கது. 'அக்ரெசிவ்' என்னும் சொல் அமெரிக்க வணிக வழக்கில் பாராட்டு. அதனை 'வலுச்சண்டைக்குப் போகும்' என்று பெயர்த்தால் எந்தத் தமிழ் இளைஞரும் தமக்கு 7 இடத் தயங்குவார். 'அம்பிஷஸ்' என்பதைப் பேராசை எனலாமா, உயர்நோக்கு எனலாமா? முன்னது வசை, பின்னது வாழ்த்து. 'அசெர்டிவ்' என்பதற்கு நிகராக ஒரு சொல் தமிழ்ப் பேச்சில் இல்லை. ஆணிடம் அது கண்டிப்பு என்றும், பெண்ணிடம் வாயாடித்தனம் என்றும் பெயர்பெறுகிறது. பால் வேற்றுமையை அளக்க வேண்டிய சொல்லே பால்தோறும் வேறாகிவிடும்போது எதை அளப்பது? விட்டுக்கொடுத்தல் ஆங்கில நிரலில் பெண்மை. தமிழில் அது மூத்தோர் எவரையும், குறிப்பாகக் குடும்பத் தலைவரையும் ஊர்ப் பெரியவரையும் புகழும் சொல்.

எல்லாவற்றினும் சிக்கலானது நாணம். பட்டியலிலுள்ள கூச்சம் என்னும் பொருளுடைய சொல்லை 'நாணம்' என்று பெயர்க்கும் வழக்கம் உண்டு. நாண் என்பது வள்ளுவரிடத்தில் ஓர் அதிகாரத்தின் பெயர். 'நாணுடைமை' பொருட்பாலில் 102ஆம் அதிகாரமாக, மாந்தர் அனைவர்க்கும் உரிய அறமாக நிற்கிறது. அதன் முதற் குறளே, தகாத செயலுக்கு நாணுதல் வேறு, மகளிரின் இயல்பான நாணம் வேறு என்று பிரித்துவைத்துவிடுகிறது. காமத்துப்பாலில் 'நாணுத்துறவுரைத்தல்' அதிகாரத்தில் 1133ஆம் குறளில் பேசும் தலைவன், தன்னிடம் முன்பு நாணும் நல்லாண்மையும் ஒருங்கே இருந்ததாகவும், இப்போது மடலே தன்னிடம் எஞ்சியிருப்பதாகவும் கூறுகிறான். பெம் பட்டியல் எதிரெதிர் நிரல்களில் வைத்த இரண்டு சொற்கள் ஓர் ஆணின் வாயில் இணைந்து வருகின்றன. அவன் தன் பெண்மைக் கூற்றைப் பற்றிப் பேசவில்லை; ஆணுக்குரிய தகுதி இரண்டையும் இழந்ததைப் பற்றிப் பேசுகிறான்.

ஆண்மை என்னும் சொல்லும் அவ்வாறே. 148ஆம் குறளில் பிறன் மனைவியை நாடாமையே பேராண்மை. 773ஆம் குறளில் அதே சொல் போர்க்களத்து மறத்தைக் குறிக்கிறது, ஆயினும் அம்மறத்தின் கூர்மையாகச் சொல்லப்படுவது பகைவனுக்குத் துன்பம் வந்தவிடத்து உதவுதல். அடக்கமும் பரிவும் சேர்ந்த இச்சொல்லை, ஆதிக்கமும் போட்டியும் நிறைந்த நிரலின் தலைப்பாக வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. மறுபுறம், இச்சொல்லுக்குப் பின்னாளில் படிந்த ஆதிக்கப் பொருளை மறைப்பதும் நேர்மையாகாது. 1920களின் இறுதியில் குடிஅரசில் எழுதிய கட்டுரைகளில் பெரியார், வீரமும் விடுதலையும் ஆண்மை என்னும் பெயரால் ஆணுக்கே உடைமையாக்கப்பட்டன என்றும், பெண் விடுதலைக்கு அந்த ஆண்மையே அழிய வேண்டும் என்றும் வாதிட்டார். சிக்கல் பண்புகளில் இல்லை, பண்புகளுக்கு இடப்பட்ட பெயரில் உள்ளது என்னும் இக்கருத்து, டெர்மனும் மைல்ஸும் தம் நூலை வெளியிடுவதற்கு முன்னரே தமிழில் அச்சேறியது.

தமிழ்ப் பட்டியல்கள்

தமிழுக்கும் பட்டியல்கள் உண்டு. தொல்காப்பியக் களவியல் தலைவனுக்குப் பெருமையும் உரனும், தலைவிக்கு அச்சமும் நாணும் மடனும் உரியன என்கிறது. பயிர்ப்பு பின்னர்ச் சேர்ந்து நாற்குணம் என்ற வழக்கு நிலைபெற்றது. மேடைப் பேச்சிலும் திரைப்பாடலிலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் தமிழ்ப்பெண்ணின் இலக்கணமாக ஒலிப்பது இந்நான்கே. ஆனால் அதே பொருளதிகாரத்தின் பொருளியலில் பெண்பாலார்க்கு உரியனவாக வேறு ஆறு பண்புகள் சொல்லப்படுகின்றன. அறிவும் செம்மையும் செப்பும் அவற்றுள் அடங்கும். செப்பு என்பது சொல்லவேண்டியதைச் சொல்லும் திறம். இந்த ஆறும் எந்த மேடையிலும் முழங்கப்படுவதில்லை. ஒரே நூலின் இரண்டு பட்டியல்களில் ஒன்று நினைவில் நின்றதும் மற்றொன்று மறைந்ததும் தற்செயலாகாது. மடம் என்பதன் பொருளும் தேய்ந்துள்ளது. அறிவித்ததை ஏற்று, ஏற்றதைக் கைவிடாதிருத்தல் என உரைமரபு விளக்கிய பண்பு இன்று அறியாமை என்று ஆகிவிட்டது. பெம் பட்டியலின் 'எளிதில் ஏமாறும்' என்ற சொல்லுக்கு இணையாக அதனை எழுதும் அளவுக்கு வந்துவிட்டது.

மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய ஒப்புமைகள் பத்து கூறப்படுகின்றன. ஆண்மை, நிறை, அருள், உணர்வு ஆகியவை அப்பத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றன. இருவருக்கும் ஒத்திருக்க வேண்டியவற்றைச் சொல்லுமிடத்தில் ஆண்மை என்ன பொருள் தருகிறது என்பது எளிதில் தீரும் வினாவன்று. இந்த ஒரு நூற்பாவை முன்வைத்தே ஆண்மைக் கூறு, பெண்மைக் கூறு என்னும் பிரிப்பை மறுபரிசீலனை செய்யலாம்.

இவை யாவும் புலனெறி வழக்கத்தின் விதிகள் என்பதும் நினைவிற்குரியது. மடலேறுதல் மகளிர்க்கு இல்லை என்று அகத்திணையியல் விதித்தது. பின்னர்த் திருமங்கையாழ்வார் தம் திருமடல்களில் தலைவியாக நின்று அவ்விதியை அறிந்தே மீறினார். கவிதை நெறியாக விதிக்கப்பட்டதைக் கவிஞர் மீறலாம். இயல்பு என்று அறிவிக்கப்பட்டதை மீறுவோர்தாம் பிறழ்ந்தவர் எனப்படுகின்றனர். பழந்தமிழ்ப் பட்டியலைப் பெண்ணின் இயல்பாக்கியதும், அமெரிக்கப் பட்டியலை உளவியல் உண்மையாக்கியதும் ஒரே வகைப் பிழை.

வரவு எவர் கணக்கில்

இப்பிழையின் விலை பெண்பாற் புலவரைப் படிக்கும்போது தெரிகிறது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாடல் புறநானூற்றில் 95ஆம் பாடலாக உள்ளது. நெய்பூசி மாலையிட்டுக் காக்கப்பட்ட இவன் வேலையும், போரில் முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமான் வேலையும் அருகருகே வைத்து, புகழ்வதுபோல் இகழ்ந்துவிட்டார். இதனை 'ஔவையின் ஆண்மைக் கூறு' என்று எழுதினால், ஒரு பெண்ணின் அரசியல் அறிவும் சொல்வன்மையும் ஆணிடமிருந்து பெற்ற கடனாகிவிடுகின்றன. வேடிக்கை என்னவெனில், சூழலறிந்து நயமாகப் பேசும் திறம் பெம் பட்டியலிலேயே ஆண்மை நிரலில் இல்லை. பொது நிரலில் உள்ளது. மேற்கோள் காட்டப்படும் பட்டியலையேனும் சரியாகப் பார்த்திருந்தால் இவ்வாறு எழுத நேராது.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் புறப்பாட்டு இன்னும் கூர்மையான சான்று. முன்னரே தன் உறவினரைப் போரில் இழந்த ஒரு தாய், பறையொலி கேட்டவுடன் தன் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் நீவி, கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். எண்ணெய் நீவும் கை பெண்மை நிரலுக்கும், வேல் கொடுக்கும் கை ஆண்மை நிரலுக்கும் போகுமா? செயல் ஒன்று, மனம் ஒன்று. பிரித்தால் பாடல் இறந்துவிடும். அத்தாயின் துணிவுக்குப் புறநானூற்று மரபே ஒரு பெயர் வைத்திருக்கிறது: மூதின்முல்லை. அத்துணிவு அவள் பிறந்த பழங்குடிக்கு உரியதாக வகுக்கப்பட்டது, ஆண்மைக்கு உரியதாக அன்று. அந்த மறக்குடிப் பெருமிதத்தை இன்று விமரிசிக்கலாம், விமரிசிக்கவும் வேண்டும். ஒரே மகனையும் களத்துக்குக் கேட்கும் சமூகத்தைப் பற்றி அப்பாடல் பேசாமல் பேசுவது நிறைய உண்டு. அவ்விமரிசனத்தைத் தொடங்கவும், துணிவு எந்த நிறுவனத்தின் பெயரால் கேட்கப்பட்டது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். 'ஆண்மைக் கூறு' என்ற முத்திரை அந்த வாயிலை அடைத்துவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். இலக்கிய ஆய்வுக்கு ஏதேனும் ஒரு கருவி வேண்டும், பெம்மின் கருவி குறையுடையதாயினும் ஆணிடம் பரிவையும் பெண்ணிடம் துணிவையும் காணக் கற்றுக்கொடுத்தது என்பர். உண்மைதான். ஒற்றைக் கோட்டின் காலத்தில் அது விடுதலைக் கருவியாக இருந்தது. பட்டியலை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துவதில் தடையில்லை: ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 1972இல் பெண்ணுக்கு விரும்பியதற்கும் களவியல் தலைவிக்கு விதித்ததற்கும் எங்கு ஒற்றுமை, எங்கு வேற்றுமை என்று ஆராய்வது பயனுடைய ஆய்வாகும். இரண்டிலும் கூச்சம் இருக்கிறது. இரண்டிலும் தலைமை ஆணிடம் இருக்கிறது. ஆனால் பொருளியலின் அறிவும் செப்பும் அமெரிக்கப் பட்டியலின் பெண்மை நிரலில் இல்லை. இரு பனுவல்களை எதிரெதிர் வைக்கும்போது கிடைக்கும் இவ்வறிவு, ஒன்றை அளவுகோலாகவும் மற்றொன்றைத் துணியாகவும் கொள்ளும்போது கிடைப்பதில்லை.

தமிழ்த் துறைகள் மேற்கொள்ளத்தக்க வேறொரு பணியும் உண்டு. 1972இல் கேட்கப்பட்ட வினாவைத் தமிழில், தமிழ்ச் சொற்களைக் கொண்டே கேட்கலாம். அதற்கு முதலில் சொற்களைத் தொகுக்க வேண்டும். அகராதியிலிருந்து மட்டுமன்றி, பழமொழிகள், தாலாட்டு, ஒப்பாரி, மணமக்கள் தேவை விளம்பரங்கள், வசைச்சொற்கள் ஆகியவற்றிலிருந்தும் தொகுக்க வேண்டும். மதிப்பிடுவோர் கல்லூரி மாணவராக மட்டும் இருத்தல் கூடாது. வயலில் நாற்று நடும் பெண்கள், பின்னலாடைத் தொழிலாளர், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரும் இருத்தல் வேண்டும். ஓர் ஊரில் பாராட்டாக உள்ள சொல் மற்றோர் ஊரில் வசையாக இருந்தால் அதையும் பதிய வேண்டும். விடைகளைத் தொகுக்கையில் ஆண் பெண் என்னும் இரண்டு நிரல்கள் அமையுமா, அன்றி வயதும் சாதியும் வகுப்பும் அவற்றைக் குறுக்கே வெட்டி வேறு நிரல்களை உண்டாக்குமா என்பதைத் தரவே காட்டட்டும். அத்தகைய தொகுப்பில் 'நாணம்' எந்த நிரலில் சென்று சேரும் என்பதை இப்போதே எவரும் சொல்லிவிட இயலாது.